ஊதாத விசில்

அம்பாசமுத்திரத்தில் பேச்சு தடைப்பட்டவர்களுக்குப் பயிற்சி தரும் ஜாஸ்பருக்கு வயது முப்பத்திரண்டு. அப்பாவைப் பேசவைக்கக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்த சீடப்பிள்ளை தமயந்திக்கு நாற்பத்தாறு. மனிதர்கள் ஏன் பொறுமை இழக்கிறார்கள் என்று மூளையைப் படமெடுத்து ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். ரயில்வே கேட்டில் ஹார்ன் அடிக்காமல் மட்டும் இருக்கத் தெரியாது. ஊருக்குத்தான் உபதேசம்.

அவளுடைய அப்பா வேலாயுதம் பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்தபிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடிப் பேசினார். ஒரு மாதமாக அதையும் விட்டுவிட்டார். இனி பேசவே மாட்டாரோ என்று தமயந்திக்குப் பயம் வந்துவிட்டது. அன்று அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், மூளையில சொல்லு வர்ற பழைய வழி அடைச்சிருக்கு. புது வழி பிடிக்க நேரமாகும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அப்பா ஏன் முயற்சியே பண்ண மாட்டேங்காங்க?"

ஜாஸ்பர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, சின்ன வயசுல அப்பாவோட நடந்தது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

"காலையில ஸ்கூலுக்கு..."

"நடந்து போவீங்க."

"இல்ல சார், அப்பா பஸ்லதான். நான் எப்பவும்..."

"முதல் ஆளா வந்து நிப்பீங்க."

"இல்ல, லேட்டாத்தான் வருவேன். அப்போ அப்பா..."

"திட்டுவாங்க."

தமயந்தி நிறுத்திவிட்டாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"சொல்லுங்கக்கா."

"வேண்டாம் சார். அதான் நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பா வாயைத் திறந்தாலே, "தண்ணியா? காப்பியா? ஃபேன் போடணுமா?" என்று அவள்தான் அடுக்குவாள். அவர் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பார். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஜாஸ்பர் இந்த முறை குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள்.

"தெருமுனையில நான் ஓடி வர்றது தெரிஞ்சா அப்பா விசில் ஊத மாட்டாங்க. டிரைவர் திரும்பித் திரும்பிப் பாப்பாரு. உள்ள இருக்கவங்க சத்தம் போடுவாங்க. அப்பா விசில வாயில வச்சுக்கிட்டு சும்மா நிப்பாங்க. ஒருநாள் பிள்ளையார் கோயில் பக்கத்துல விழுந்துட்டேன். எந்திரிச்சு, சிதறுன புத்தகத்தையெல்லாம் பொறுக்கிட்டு வர்ற வரைக்கும்..."

அந்தக் காலைகள் எவ்வளவு நன்றாக இருந்தன.

நாற்காலியில் வேலாயுதம் நிமிர்ந்தார்.

"ஒ..." என்றார். உதடு நடுங்கியது. "ஒ..."

'ஒண்ணுக்குப் போகணுமா' என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காத்திருக்கும்போது மூளை பதறும், அந்தப் பதற்றம் தீரத்தான் வாய் முந்தும் என்று கட்டுரை எழுதியவள் அவள். கட்டுரை கைகொடுக்கவில்லை.

"சார், எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்கு அப்பா எவ்வளவு நேரம் விசில் ஊதாம நின்னாங்க?"

தமயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளியே ஒரு ஆட்டோ வந்து, ஆள் இறங்கி, திரும்பிப் போயிற்று.

"ஒத்த... சடை" என்றார் வேலாயுதம். "இன்னொண்ணு... பின்னல."

விழுந்த அன்றைக்கு ஒரு பக்கம் சடை பின்னாமலே ஓடிவந்ததை அவள் மறந்தே போயிருந்தாள்.

அவர் இன்னும் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். தமயந்தி பேசாமல் நின்றாள்.