மதில் ஊர்க்காரரின் பூரிம்

கலிலேயா மலைச்சரிவில் ஒரு சிற்றூர். அங்கே ரப்பி ஒபதியா என்ற யூத குரு தோரா வேதம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சீடர்களில் ஒருவர் அசரியா. சீடன் என்றதும் மீசை முளைக்காத பிள்ளை என்று நினைக்க வேண்டாம். ஐம்பது வயது, மூன்று பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் இருந்தன.

அசரியா எருசலேமில் பிறந்தவர். கொள்ளைநோயில் வீட்டார் அத்தனை பேரும் போன பிறகு, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தார். இங்கேயே சிம்காவைக் கட்டிக்கொண்டார். ஆனாலும் யார் கேட்டாலும், "நான் எருசலேம்காரன். திரும்பிப் போய்விடுவேன்" என்பார்.

அதில் ஒரு சங்கடம். யூதரை அழிக்கப் பார்த்த ஆமான் கையிலிருந்து எஸ்தர் ராணி தன் ஜனங்களைக் காப்பாற்றியதைக் கொண்டாடுவது பூரிம் பண்டிகை. மற்ற ஊர்களுக்கு அது யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் பதினாலாம் தேதி. எருசலேம் போல ஆதிகாலத்து மதில் சூழ்ந்த நகரத்துக்குப் பதினைந்தாம் தேதி.

பதினாலாம் தேதி ஊரே விருந்து சாப்பிடும்போது அசரியா அழுக்குச் சட்டையோடு ஒலிவத் தோட்டத்துக்குப் போவார். மறுநாள் ஊர் வேலைக்குப் போன பிறகு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக விருந்துக்கு உட்காருவார். அக்கம்பக்கத்தார் அனுப்பிய பலகாரத் தட்டுகளும் அதுவரை அவருக்காகக் காய்ந்துகொண்டிருக்கும். அவருக்கு ஏக்கம். சிம்காவுக்கு ரெண்டு நாள் அடுப்பு.

அந்த வருஷம் பதினைந்தாம் தேதி ஓய்வுநாளான சனிக்கிழமையில் வந்தது. ஓய்வுநாளில் எஸ்தர் சுருளை வாசிப்பதில்லை. அதனால் மதில் நகரத்தார் வெள்ளியன்றே வாசித்துவிட்டு, ஞாயிறன்று விருந்து வைப்பார்கள். அசரியா இதை விளக்கி முடிப்பதற்குள் சிம்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளி ஊருக்கு, சனி ஆண்டவருக்கு, ஞாயிறு உங்களுக்கா?"

"அது சட்டம், சிம்கா."

"சட்டம் வந்து வெங்காயம் நறுக்குமா? இந்த வருஷம் பூரிமுக்கு ஒரே அடுப்புதான். வெள்ளின்னா எங்களோட உட்காருங்க. ஞாயிறுன்னா உங்க எருசலேமே வந்து பொங்கிப் போடட்டும்."

"அடுப்புக்காகவா இத்தனை கோபம்?"

"அடுப்பு கிடக்கட்டும். சின்னவ கேக்கிறா, அப்பா நம்ம வீட்டு ஆளா, விருந்தாளியான்னு. எனக்குப் பதில் தெரியல. போய் உங்க ரப்பிகிட்ட கேட்டுட்டு வாங்க."

அசரியா போனார். ரப்பி வாசல் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டார்.

"சட்டம் உனக்குத் தெரியும். நீயே சொல்."

"வெளியூரில் இருக்கிறவன் தன் ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவனானால், தன் ஊர் நாளைக் கொண்டாட வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் ஊரின் நாளை."

"திரும்பிப் போகிறாயா?"

"தினமும் மூன்று வேளை ஜெபிக்கிறேன், ரப்பி."

"ஜெபத்தை நான் கேட்கவில்லை. கழுதைக்குச் சொல்லிவிட்டாயா?"

அசரியா குனிந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நாலு நாள் பயணம். வேண்டுமானால் என் கழுதையைக் கொண்டுபோ. அது நல்ல பிராணி, உன்னைப் போல வழியில் யோசிக்காது."

"போனால் யார் இருக்கிறார்கள், ரப்பி? கதவைத் திறக்கக்கூட ஆள் இல்லை."

ரப்பி எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "எருசலேமில் உங்கள் தெருவில் ஆமான் பெயரை வாசிக்கும்போது என்ன செய்வீர்கள்?"

"ரெண்டு கல்லில் அவன் பெயரை எழுதி வைத்திருப்போம்" என்றார் அசரியா. "பெயர் வந்ததும் ரெண்டு கல்லையும் சேர்த்துத் தட்டுவோம், எழுத்து அழிகிற வரைக்கும். என் அண்ணன் நகத்தைத் தட்டிக்கொண்டு அலறுவான், ஒவ்வொரு வருஷமும். அம்மா எள்ளும் தேனும் கிண்டி, மொட்டைமாடி வழியாகவே அடுத்த வீட்டுக்குத் தட்டை நீட்டுவாள். தெருவில் இறங்கவே மாட்டாள். மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தட்டு போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் எங்கள் தட்டே வேறு யாருடைய பலகாரத்தோடோ எங்களுக்குத் திரும்பி வரும்."

"அந்த எள்ளுருண்டையில் கொஞ்சம் ஆரஞ்சுத்தோலும் இருக்கும்."

அசரியா நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் மதிலுக்குள் பிறந்தவன்தான். தெற்கு வாசல் பக்கம்."

"நீங்களா? நீங்கள் ஒரு வருஷம்கூடப் பதினைந்தாம் தேதி கொண்டாடிப் பார்த்ததில்லையே!"

"இல்லை."

"அப்படியானால் மறந்துவிட்டீர்கள்" என்றார் அசரியா. "என்னால் முடியாது, ரப்பி. அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டால், அண்ணனும் அம்மாவும் இருந்தார்கள் என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்."

ரப்பி கோபப்படவில்லை. எழுந்து, அசரியாவின் தோளைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனார். வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவரில், சுண்ணாம்பு பூசாமல், வெறும் கல்லாக ஒரு சதுரம் தெரிந்தது. எருசலேம் ஆலயம் இடிந்த துக்கத்துக்காக வீட்டில் அப்படி விட்டுவைப்பது அவர்கள் வழக்கம்.

"உன் கையால் அள."

அசரியா முழங்கையை வைத்து அளந்தார். "ஒரு முழம்."

"இந்தப் பக்கம்?"

"இதுவும் ஒரு முழம்."

ரப்பியின் விரல்கள் அந்தக் கல்லை மெல்லத் தடவின. தினமும் தடவித் தடவி அந்த இடம் வழுவழுப்பாகியிருந்தது. அசரியா அதைப் பார்த்தார்.

"மறக்கக் கூடாது என்றுதான் இந்த ஒரு முழத்தைப் பூசாமல் விடச் சொல்லியிருக்கிறது, அசரியா" என்றார் ரப்பி. "மீதிச் சுவரைப் பூசிக் குடித்தனம் நடத்தச் சொன்னதும் அதே சட்டம்தான்."