பூத்த சணப்பும் பட்டத்துக்கு அலைந்த வணிகனும்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே. கப்பலுக்குப் பாயும் காசுக்குத் திமிரும் இருந்த ஒரு காலத்தில், மழை குறைந்த சீமையொன்றில் சடைச்சி என்றொரு குடியானவள் இருந்தாள். அவளுக்கென்று இருந்ததெல்லாம் இரண்டு காணி நிலம். அதுவும் செத்த நிலம்.

கொன்றவன் யார்? நாகசேந்தன் என்ற வணிகன். பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் முழுவதையும் பருத்தி தவிர வேறு எதையும் விதைக்கவிடாமல் செய்தவன் அவன். பருத்தி கப்பலேறியது. மண் சாம்பலாய்ப் போனது.

அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று மண்மேல் பாசம் பொங்கியது. பொங்காதா பின்னே? செத்த நிலத்தை உயிர்ப்பிக்கிறவருக்கு ‘மண்காத்த வள்ளல்’ என்று பட்டம் தருவதாக அரசன் பறையறைவித்திருந்தான்!

வணிகன் சடைச்சியிடம் வந்தான். “ஆடு, மாடு, விதை எல்லாம் நான் தருகிறேன். விளைந்தால் பாதி எனக்கு. விளையாவிட்டால் நிலமே எனக்கு” என்றான். அடுப்பு எரியாத வீட்டுக்காரி வேறென்ன சொல்வாள்? தலையாட்டினாள்.

முதலில் எருவுக்காக ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட்டாள். விருந்தாளிகளோடு வந்த வணிகன், “சீ, நாற்றம்!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனான்.

அடுத்து ஏரிவண்டலை வாரிக் கொட்டினாள். வந்த வணிகன், “சீ, சேறு!” என்று செருப்பைத் துடைத்துக்கொண்டு போனான்.

மூன்றாவதாகச் சணப்பு விதைத்தாள். நாற்பத்தைந்தாம் நாள் வயல் முழுக்க மஞ்சளாய்ப் பூத்தது. வணிகன் வந்தான். இந்த முறை போகவில்லை.

சடைச்சி ஏர் பூட்டிக்கொண்டிருந்தாள். சணப்பைப் பூத்த கையோடு மடக்கி உழுதால் அழுகி உரமாகும். விட்டுவைத்தால் தண்டு முற்றி நாராகிவிடும், மண்ணுக்கு ஆகாது.

“ஏ பிள்ளே, நிறுத்து! என் பணம் பூத்திருக்கிறது. அதன்மேலா மாட்டை ஓட்டுகிறாய்?”

“ஐயா, இது பார்க்கிற பூ இல்லை. உழுகிற பூ.”

“நாளை அரசர் பார்க்க வருகிறார். பிறகு அயல்நாட்டு வணிகர்கள் வருவார்கள். இரண்டு மாதம் இது இப்படியே நிற்கட்டும். ஏர் இறங்கினால் நிலத்தை இன்றே எழுதி வாங்கிவிடுவேன்.”

சடைச்சி மாட்டை அவிழ்த்துவிட்டாள். பூ நின்றால் புகழ் அவனுக்கு. பயிர் பொய்த்தால் நிலமும் அவனுக்கு. எப்படி விழுந்தாலும் அவன் மெத்தையில்தான் விழுவான்!

மறுநாள் அரசன் யானைமேல் வந்தான். வணிகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பூவைக் காட்டினான். சடைச்சி ஏரோடு முன்னே வந்து கும்பிட்டாள்.

“மகாராசா, முதல் உழவுசால் மன்னர் ஓட்டினால் காலமெல்லாம் மன்னர் பேர் சொல்லித்தான் விதைப்போம். ஆனால் உங்கள் கை செங்கோல் பிடித்த கை. மேழி பிடித்தால் வலிக்குமோ என்னவோ.”

“எனக்கா வலிக்கும்?” என்று அரசன் குதித்து இறங்கினான்.

“அரசே, இந்தப் பூ...” என்று வணிகன் இழுத்தான்.

“என்ன ஓய், மன்னர் உழக்கூடாது என்கிறீரா?” என்றார் அமைச்சர். வணிகன் விலகி வழிவிட்டான்.

அரசன் வேர்க்க வேர்க்க மூன்று சால் ஓட்டினான். அவன் கண்ணில் படவேண்டுமென்று அமைச்சரும் தளபதியும் முண்டியடித்து ஓட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் சணப்பு முழுவதும் மண்ணுக்குள் போனது. கூட வந்த புலவர்கள் அங்கேயே பட்டத்தை அரசனுக்கே சூட்டி, வரப்போரம் அவன் பெயர் பொறித்த கல்லும் நட்டார்கள். வணிகன் ஒரு வாடிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மழை பெய்தது. கம்பு ஆளுயரம் விளைந்தது. வணிகன் தன் பாதியை முகம் கொடுக்காமல் அள்ளிக்கொண்டு போனான். நிலம் சடைச்சிக்கே நின்றது.

அந்தக் கல்லில் அவள் பெயர் இல்லை. அதனாலென்ன? அவள் அதைச் சாய்த்துப்போட்டுக் கதிரடித்தாள்.

மண்ணை உயிர்ப்பிக்க முதல் போடுகிறவன் மண்ணின் காலத்துக்குக் கட்டுப்பட வேண்டும், தன் பெயர் பூப்பதைப் பார்க்க வருகிறவன் எவ்வளவு கொட்டினாலும் மண்ணுக்குப் பகைவனே.