முகம் அந்தப் பக்கம்

நீங்கள் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, இந்த மாசி மாதத்தில் இன்னொரு தடவை. இரண்டு தடவையும் மேடைக்கு நேர் எதிரே, ஐந்து நடுவர்களில் நடு நாற்காலி உங்களுடையது. மின்விசிறியைக்கூட உங்கள் பக்கம்தான் திருப்பி வைத்திருந்தார்கள்.

முகம் அந்தப் பக்கம் இருந்தது என்பீர்கள். சரி, முகம் தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கால் தெரிந்ததா, இல்லையா? அந்தக் காலைப் பார்த்துத்தானே மார்க் போட்டீர்கள்?

உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். உட்கார்ந்து கேளுங்கள். உட்கார்வது உங்களுக்குப் பழக்கம்தானே.

மதுரை செல்லூரில், ஒரு தறிக்கூடத்தின் மாடியில் ஜெபசெல்வி பெண்களுக்கு உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறாள். வயது முப்பத்துமூன்று. எல்லோருக்கும் அவள் ‘மாஸ்டர்’.

அவளிடம் கற்கிறவர்களில் பேச்சியம்மாள் பெரியவள். மாஸ்டரைவிட ஐந்து வயது கூட. தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கிய தோள். பெண்களுக்கான உடற்கட்டுப் போட்டிகளில் ஆறு வருடமாக நிற்கிறாள், அதில் இரண்டு வருடம் தொழில்முறையாக. அவள் ஜெபசெல்வியை மாஸ்டர் என்பாள். ஜெபசெல்வி அவளை அக்கா என்பாள்.

போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. காலை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகு பேச்சியம்மாள் மாஸ்டர் முன்னால் வந்து உள்ளங்கையைத் திறந்தாள். காகிதத்தில் மடித்த ஒரு வெள்ளை மாத்திரை.

“இதைப் போடட்டுமா மாஸ்டர்?”

“என்னதுக்கா இது?”

“உடம்புல இருக்கிற தண்ணி பூராவையும் இறக்கிருமாம். மிருணா குடுத்தா. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.”

மிருணாளினி வேறு கூடத்துப் பெண். இருபத்துநாலு வயது. போட்டிக்குப் போய்வந்ததில் பழக்கம்.

“யாரு போடச் சொன்னா?”

“யாரும் சொல்லல. போன தடவை நடு நாற்காலிக்காரர் சீட்டுல என்ன எழுதுனாரு? ‘நீர் தெரிகிறது. இன்னும் காய வேண்டும்.’ அவளுக்கும் அதே சீட்டுதான். நாங்க என்ன கருவாடா மாஸ்டர், இன்னும் காயிறதுக்கு?”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

“இந்தத் தடவை முதல் மூணுக்குள்ள வரலைன்னா தொழில்முறைப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க. முப்பத்தெட்டு வயசுல என்னைய எவன் திரும்பச் சேப்பான்?”

போட்டிக்கு முந்திய நாட்களில் தண்ணீரைக் குறைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். தோலுக்கு அடியில் நீர் வற்றினால் தசை கோடுகோடாகத் தெரியும். உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொன்னேன்.

மாஸ்டர் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவரில் மாட்டியிருந்த படத்தை இறக்கினாள். ஏழு வருடத்துக்கு முன் அவள் கோப்பை வாங்கிய நாளில் எடுத்த படம். மேடையில் முதுகைக் காட்டி நிற்கிறாள். இரண்டு கையும் தூக்கி மடக்கியிருக்கின்றன. ஒரு கால் பின்னால் நுனிவிரலில் ஊன்றியிருக்கிறது.

“இதுல என்ன தெரியுதுக்கா?”

“தெனம் பாக்குறதுதானே? பின்னந்தொடை முறுக்கிப்போட்ட தேர்வடம் மாதிரி. கெண்டைக்கால் கல்லு. முதுகைச் சொல்லவே வேண்டாம்.”

“முகம்?”

“முகம் அந்தப் பக்கம்ல இருக்கு.”

“அதே மாதிரி நில்லுங்க.”

“எம்புட்டு நேரம்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

பேச்சியம்மாள் முதுகைக் காட்டி நின்றாள். கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் அவள் கெண்டைக்கால் நடுங்கியது. அப்புறம் தோள் நடுங்கியது. முதுகுத்தண்டில் வியர்வை இறங்கியது.

“மாஸ்டர்…”

“விடுங்க.”

கைகளைத் தொங்கவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

“விட முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“எனக்கு முடியல,” என்றாள் மாஸ்டர்.

பேச்சியம்மாள் படத்தைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள்.

“நானும் மாத்திரை போட்டிருந்தேன். ரெண்டு. மைக்குல ‘ரிலாக்ஸ்’னாங்க. எல்லாரும் கையை இறக்குனாங்க. என் காலு என் பேச்சைக் கேக்கல. அப்புறம் முதுகு கேக்கல. அப்புறம் தாடை இறுகிருச்சு. யாரையாவது கூப்பிடலாம்னா வாய் திறக்கல. எனக்கு எதிர்ல கறுப்புத் திரை மட்டும்தான். முதுகுக்குப் பின்னாடி கைதட்டு.”

“கைதட்டா?”

“பெரிய கைதட்டு. விடாம நிக்கிறா பாரு, இவதான்டா பொம்பளன்னு விசில். நடு நாற்காலிக்காரர் எழுதிக்கிட்டே இருந்தாராம். முழு மார்க்கு.”

“அப்புறம்?”

“பொம்மையைத் தூக்குற மாதிரி ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனாங்க. நாலு நாள் ஆஸ்பத்திரி. தண்ணியோட உப்பும் இறங்கி நெஞ்சு தாறுமாறா அடிச்சுச்சாம், எனக்குத் தெரியாது. கோப்பை வார்டுக்கு வந்துச்சு. அவரும் வந்தாரு.”

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனீர்கள். ஞாபகம் இருக்கிறதா?

“என்ன சொன்னாரு மாஸ்டர்?”

“அடுத்த வருஷமும் இதே கண்டிஷன்ல வாம்மான்னாரு.”

கீழே ஒரு தறி நின்றது. யாரோ திட்டினார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது.

“அப்ப ஏன் இத்தனை வருஷம் இதை மாட்டி வச்சிருந்தீங்க?”

“நீங்க எதைப் பாத்துட்டு இங்க வந்து சேந்தீங்கக்கா?”

பேச்சியம்மாளின் கண் மறுபடி படத்துக்குப் போயிற்று.

“எல்லாரும் இதைப் பாத்துட்டுத்தான் வந்தாங்க. நான் ஒருத்திகிட்டயும் சொல்லல.”

“மாத்திரையை நீங்களே வாங்கி வச்சிக்கங்க மாஸ்டர். எங்கிட்ட இருந்தா பயமா இருக்கு.”

“நான் வாங்குனா சாயங்காலம் வேற ஒண்ணு வாங்கிருவீங்க.”

பேச்சியம்மாள் கையை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள். மாஸ்டர் படத்தை மறுபடி மாட்டவில்லை. சுவரைப் பார்க்கத் திருப்பித் தரையில் வைத்தாள்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமகள் அறையில் வைத்துச் சாயம் பூசினார்கள். விளக்கில் தசை எடுபடுவதற்காக உடம்பு முழுக்கப் பூசுகிற கறுப்புச் சாயம். பூசியபிறகு சுவரில் சாயக் கூடாது. தண்ணீரை ஸ்ட்ராவில்தான் உறிஞ்ச வேண்டும். ஒரு சொட்டு மேலே விழுந்தால் வெள்ளைக் கோடு இறங்கிவிடும். கோடு இறங்கினால் மார்க் போயிற்று.

கண்ணாடியில் போன கல்யாணத்தின் ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே ஒட்டியிருந்தன. அதற்கு முன்னால் பேச்சியம்மாள் கையை அகட்டி நின்றாள். மார்பில் ஒன்பதாம் எண். உதடு வெடித்திருந்தது.

“போட்டீங்களா?” என்றாள் மாஸ்டர்.

“பேச வைக்காதீங்க மாஸ்டர். நாக்கு ஒட்டுது.”

மாஸ்டர் பாட்டிலில் ஸ்ட்ராவைப் போட்டு நீட்டினாள்.

“நாலு வாய் குடிங்க.”

“மேடை முடியட்டும்.”

“மூணு.”

“நாக்கை மட்டும் நனைச்சிக்கிறேன்.”

“நனைச்சா பத்தாது, முழுங்கணும். ரெண்டு.”

“ஒண்ணு. அதுக்கு மேல பேசாதீங்க.”

“ஒண்ணரை.”

“தேங்கா மண்டியிலகூட இப்படிப் பேரம் பேச மாட்டாங்கய்யா,” என்று பேச்சியம்மாள் ஸ்ட்ராவில் வாய் வைத்தாள். தொண்டை இரண்டு தடவை ஏறி இறங்கியது. போட்டாளா, இல்லையா? அதைப் பார்த்து மாஸ்டரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறையின் மூலையில் மிருணாளினி நின்றிருந்தாள். பத்தாம் எண். கண் குழி விழுந்திருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

“எங்கம்மா மஞ்சளைத் தேயி, வெள்ளையாவு, வெள்ளையாவுன்னு உயிரை எடுத்துச்சு. இப்ப வந்து பாக்கட்டும், பொண்ணை அடுப்புக்கரியில புரட்டி எடுத்திருக்காங்க!” மாஸ்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். “மாஸ்டர், நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு சொட்டு இல்ல. எப்படி இருக்கேன்?”

“ஒரு வாய் தண்ணி குடிம்மா.”

“ஐயோ, போங்க மாஸ்டர்.” செல்போனைத் திருப்பிக் காட்டினாள். முகப்பில் அந்தப் படம்தான் இருந்தது. தூக்கி மடக்கிய கைகள், நுனிவிரலில் ஊன்றிய கால். “உங்களை மாதிரி ஒரே ஒரு தடவை நின்னுட்டாப் போதும்.”

மாஸ்டர் அந்தப் படத்தையே பார்த்தாள். நிமிர்ந்தபோது மிருணாவின் பயிற்சியாளர் அவளை வரிசைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். மாஸ்டர் அமைப்பாளரிடம் ஓடினாள்.

“சார், பத்தாம் நம்பர் பொண்ணை ஏத்தாதீங்க. உடம்புல தண்ணியே இல்ல.”

“உங்க ஆளு ஒன்பதாம் நம்பர்தானே?” என்று சிரித்தார் அவர். “புரியுது, புரியுது. போய் உக்காருங்க மேடம்.”

திரை விலகியது.

விளக்குகள் சுடச்சுட எரிந்தன. முதலில் முன்பக்கத்தைக் காட்டி நின்றார்கள். பேச்சியம்மாளின் காதோரம் என்னவோ மினுங்கியது. ஒரு வியர்வைத் துளி. அது கன்னத்தில் இறங்கிக் கழுத்துவரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தது. பின்னாலேயே இன்னொன்று.

“ஐயய்யே, சாயம் போச்சே,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

மாஸ்டர் மேடைக்குக் கீழே கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வியர்க்கிறது. மாத்திரை போடவில்லை.

உங்கள் பேனா அப்போதே அசைந்தது. பேச்சியம்மாளும் அதைப் பார்த்தாள். இருந்தாலும் வயிற்றை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் மிருணா. அத்தனை சூட்டில் அவள்மேல் ஒரு துளி இல்லை.

“பின்பக்கம்,” என்றீர்கள் மைக்கில்.

எல்லோரும் திரும்பினார்கள். கைகள் ஏறின. ஒரு கால் பின்னால் போய் நுனிவிரலில் நின்றது. மிருணாவின் பின்னந்தொடை கயிறுகயிறாகப் புடைத்தது. மண்டபம் ஆரவாரித்தது. மாஸ்டருக்குக் கெண்டைக்கால் தானாக இறுகியது.

“ரிலாக்ஸ்.”

கைகள் இறங்கின. இரண்டு கைகள் மட்டும் இறங்கவில்லை.

விசில் பறந்தது. “விடாதே, விடாதே!” என்று கத்தினார்கள். நீங்கள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தீர்கள். எழுதினீர்கள்.

பேச்சியம்மாள் பக்கவாட்டில் பார்த்தாள். பின்பக்கம் காட்டி நிற்கிறவர்களின் முகம் பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். மிருணாவின் பல் கிட்டியிருந்தது. கண் மட்டும் இங்கும் அங்கும் உருண்டது. கறுத்த மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தூக்கத்தில் குழந்தை முனகுகிற மாதிரி. கைதட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பேச்சியம்மாள் வரிசையை விட்டு ஓரடி நகர்ந்தாள். மிருணாவை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். இருவர் சாயமும் ஒன்றோடொன்று ஒட்டி உரிந்தது.

கைதட்டு நின்றது.

“ஒன்பதாம் எண், வரிசைக்குப் போங்க,” என்றீர்கள். “அடுத்தவரைத் தொட்டா நீக்கம். விதி தெரியுமில்ல?”

பேச்சியம்மாள் தலையைத் திருப்பினாள். இரண்டு கன்னத்திலும் வெள்ளைக் கோடு. மேடையிலிருந்து கயிற்றுப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

“மாஸ்டர், இவ மரக்கட்டையா நிக்கிறா! நெஞ்சு பறவை மாதிரி அடிக்குது! என்ன செய்யட்டும்? புடிக்கட்டுமா, விடட்டுமா?”

மாஸ்டர் கயிற்றைத் தாண்டினாள். நேராக உங்கள் மேசைக்கு வந்தாள். மார்க் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ஐயா, அது போஸ் இல்ல. ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் நின்னதும் போஸ் இல்ல. வார்டுக்கு வந்தீங்க, உங்களுக்குத் தெரியும். பேனாவைக் கீழ வைங்க. மைக்குல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு, இந்தத் தடவையாவது எந்திரிங்க. மேல ஏறி, சுத்தி அந்தப் பக்கம் வந்து, அந்தப் புள்ளையோட முகத்தைப் பாருங்க.”