மடத்தின் சாயங்கால மௌனம்

மலையடி மடத்தில் விளக்கு வைக்கும் வேளையில் ஒரு மௌனம் வரும். குரு உலகம்மை தம் அறைக்குள் போய்ச் சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்துவார். அந்தக் கணமே மடம் முழுவதும் பாட்டு நிற்கும். கூடத்தில் பாட்டோடு படம் ஓடும் பெரிய திரை இருண்டுபோகும். சமையல்கட்டில் காய் நறுக்குகிறவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "இப்படி ஒரு கட்டுப்பாட்டை எங்கேயும் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் ஆவுடையப்பனுக்கு உள்ளம் குளிரும். ஏனென்றால் அது அவர் செய்த வேலை.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். குரு அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் அவர் எதிரே ஆவுடையப்பன் உட்கார மாட்டார்.

கூடம், சமையல்கட்டு, நோயாளி அறை, குருவின் அறை என்று நான்கு இடத்துக்கும் சேர்த்துப் பாட்டுப் போட ஒரே பிளேயர். அது சாமான் அறை அலமாரியில் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் தனி ஸ்பீக்கர், தனி சுவிட்ச். எந்த சுவிட்சைப் போட்டாலும் பிளேயர் ஓடத் தொடங்கும். அணைத்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் நிற்கும். குருவின் சுவிட்ச் மட்டும் வேறு. அதை அணைத்தால் பிளேயரே நின்றுவிடும்; யாராவது மறுபடி ஒரு சுவிட்சைப் போட்டால்தான் ஓடும். ஆவுடையப்பன் யாரிடமும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் அப்படி இணைத்திருந்தார். குரு நிறுத்திய பிறகு ஒரு பெட்டி பாடிக்கொண்டிருப்பதாவது!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சமையல்கார இசக்கியம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு நோயாளி அறைக்கு வரும்வரை.

முதல் நாளே மௌனம் உடைந்தது. குரு அணைத்தார். அணைத்த சூட்டோடு பிளேயர் மறுபடி உயிர்பெற்றது. கூடத்தில் கண் மூடியிருந்தவர்கள் முகத்தில் திரையின் வெளிச்சம் பளீரென்று அடித்தது.

ஆவுடையப்பன் நோயாளி அறைக்கு ஓடினார். இசக்கியம்மாளின் விரல் இன்னும் சுவிட்சின் மேல் இருந்தது.

"இது மௌன வேளை, இசக்கியம்மா."

"யாருக்கு வே?"

"மடத்துக்கு."

"என் இடுப்பு மடத்துல சேரலையே. அதுக்கு வலி சாயங்காலம்தான் வருது. உம்ம மௌனத்தைப் பார்த்துட்டு வாசல்லயே நிக்கும்னு நெனச்சீரா?"

"குரு நிறுத்தியாச்சு. அதுக்கு மேல நீ போடலாமா?"

"அவுகளுக்குப் போதும்னா அவுக நிறுத்திக்கிடட்டும். எனக்குப் போதலை. பாட்டு ஓடினா வலி கொஞ்சம் அந்தாண்ட போய் உக்காருது. கையை எடும்."

அவர் அணைத்தார். அவள் போட்டாள். மறுநாளும் இதே கதைதான். ஊருக்குள் கேட்கிற மாதிரி அவள் வைதாள்.

ஆவுடையப்பன் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, நோயாளி அறை சுவிட்சைக் கழற்றிடப்போறேன். உத்தரவு வேணும்."

"ஏன்?"

"நீங்க நிறுத்தின பிறகும் இசக்கியம்மா போடுறா. உங்க பேச்சை மீறுறா."

"நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லலையே. என் அறையிலதானே அணைச்சேன்?"

அந்த சுவிட்சைத் தாம் இணைத்திருக்கும் விதத்தை ஆவுடையப்பன் பெருமையோடு சொன்னார். குரு முழுவதையும் கேட்டார்.

"அப்ப சமையல்கட்டுல எல்லாரும் பேசாம இருக்கிறது?"

"நீங்க மௌனத்துல இருக்கீங்கன்னுதான்."

"அவங்களா விரும்பி இருக்காங்கன்னு நெனச்சேன்."

குரு சுவிட்சை அழுத்தும் தம் விரலைப் பார்த்தார்.

"அந்த இணைப்பை மாத்திடுங்க, ஆவுடையப்பரே."

"மாட்டேன் அம்மா."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அவருக்கே புதிது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"என்னை மடத்தை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன். உங்களுக்கு மேல ஒருத்தர் கை ஓங்குற மாதிரி என் கையால செய்ய மாட்டேன்."

"சரி" என்றார் குரு.

அன்று விளக்கு வைத்தார்கள். குரு அறைக்குள் போனார். சுவிட்சை அழுத்தவில்லை. தலைக்கு மேலே ஸ்பீக்கர் பாட, அதன் கீழேயே கண் மூடி உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

நோயாளி அறையிலிருந்து இசக்கியம்மாள் கூப்பிட்டாள். "என்ன வே, இந்தப் பக்கமே காணோம்? சுவிட்சைக் கழட்டப்போறீருன்னு கேள்விப்பட்டேன். ஸ்குரூ டிரைவர் தொலைஞ்சுபோச்சா?"

ஆவுடையப்பன் நடையை எட்டிப் போட்டார். குருவின் கண்ணுக்குக் கீழே கருமை படிந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். சாப்பாடும் பாதி இலையில் மிஞ்சியது. கடைசியில் பொறுக்காமல் குருவின் வாசலில் போய் நின்றார்.

"அணைச்சிடுங்க அம்மா."

"அணைச்சா அங்கே நின்னுபோகும்."

"அவ மறுபடி போட்டுக்குவா."

"அவ எழுந்து உக்கார முடியாதவ. நான் நிறுத்தின பாட்டை அவ ஏன் எக்கி எக்கி மீட்கணும்?"

"உங்களுக்கு மௌனம் வேணுமே அம்மா."

"வேணும். பசிச்சவனுக்குச் சோறு மாதிரி வேணும். ஆனா இந்த மௌனம் வேண்டாம்."

"இது பிடிவாதம்."

"நீங்க மட்டும்தான் பிடிக்கலாமா?"

உள்ளே பாட்டு ஓங்கி ஒலித்தது. குரு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சுருங்கியிருந்தது.

ஆவுடையப்பன் சாமான் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். கம்பிகளைக் கையில் எடுத்தார், வைத்தார். திரும்பவும் வாசலுக்கு வந்தார்.

"பெட்டி சும்மாவே ஓடிக்கிட்டிருக்க முடியாது. சூடேறிக் கெட்டுப்போகும். எப்ப அணையணும்னு அதுக்கு ஒரு விதி வேணும். அதையாவது சொல்லுங்க."

"கடைசியா கேக்கிறவங்க அணைக்கும்போது."

"அது இசக்கியம்மாவா இருந்தா?"

"இசக்கியம்மாவா இருக்கட்டும்."

"சமையல்கட்டுல பாத்திரம் தேய்க்கிறவங்களா இருந்தா?"

குரு அதற்கும் தலையாட்டினார். ஆவுடையப்பன் போய்க் கம்பிகளை மாற்றினார்.

மறுநாள் விளக்கு வைத்த பிறகு குரு தம் சுவிட்சை அழுத்தினார். அவர் அறை அடங்கியது. நோயாளி அறையில் பாட்டு தொடர்ந்தது. சமையல்கட்டில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். கூடத்தில் இருந்த வெளியூர்க்காரர் ஒருவர், "மௌனம்னு சொன்னாங்களே, எங்கே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

குரு வெளியே வந்தபோது ஆவுடையப்பன் நடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சொன்னபடி செஞ்சுட்டேன் அம்மா. ஆனா மனசு ஆறலை. நீங்க நிறுத்தின பிறகும் அது பாடுது. நீங்க இங்கே இல்லாத மாதிரியே பாடுது."

"நல்லாத்தான் இணைச்சிருக்கீங்க."

"இப்படியே விட்டா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னாலும் இது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அன்னைக்காவது நான் அணைக்கலாமா?"

குரு நோயாளி அறைப் பக்கம் பார்த்தார். இசக்கியம்மாள் பாட்டோடு சேர்ந்து, சுருதி தப்பி, உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல அவகிட்ட கேளுங்க" என்றார்.