செக்கிங் மேசைத் துளசிமணி

"சாமி, நான் இங்கயே இருந்துக்கிறேனுங்க. இனி வேலைக்கும் போகலை, வீட்டுக்கும் போகலை."

வந்து உட்கார்ந்ததும் துளசிமணி சொன்ன முதல் பேச்சு அதுதான்.

பனியன் கம்பெனிக்குப் பின்னால், கரட்டுக் குன்று மேலே, ஓடு போட்ட சின்ன மடம். அதில் இருக்கிற சாமியாரம்மாவுக்கு வயசு முப்பதுகூட இருக்காது. துளசிமணிக்கு முப்பத்தெட்டு. அதனால் சாமியாரம்மா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகலைங்க. அதுதாங்க சாமி. பதினாலு வருசமா ஒண்ணுமே ஆகலை."

அவளுக்குச் செக்கிங் மேசை வேலை. தைத்து வருகிற பனியனை விரித்துப் பார்க்கணும். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். குறையில்லாத பீஸை அப்படியே தள்ளிவிடணும். ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ்.

"காலையில கண்ணு முழிக்கவே பிடிக்கலைங்க. சோறு மண்ணாட்டம் இருக்குது. மனசுக்கு ஏதாச்சும் ஒரு நிறைவு வேணுங்க."

"கூட வேலை செய்யறவங்க என்ன சொல்றாங்க?"

"சிரிக்கறாளுங்க. 'நீ மடத்துக்குப் போனா சாமி சேலையிலயும் ஓட்டை கண்டுபிடிப்படி'ங்கறாளுங்க."

சாமியாரம்மாவும் சிரித்துவிட்டார். "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

துளசிமணி தலை குனிந்தாள்.

"இடது தோள்கிட்ட ரெண்டு இழை விட்டிருக்குதுங்க. வந்ததுமே பார்த்துட்டேன்."

"வீட்டுல யாரு இருக்காங்க?"

"ஒரே புள்ளைங்க. மோனிஷா. ஆறாவது படிக்கறா. மாமியார் பார்த்துக்குவாங்க."

சாமியாரம்மா "சரிக்கா, இருங்க" என்றார்.

துளசிமணிக்கு நம்பவே முடியவில்லை. எழுந்து கும்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. என்னைக்காவது உங்க புள்ளை உங்களைத் தேடிட்டு இந்தக் கரட்டுல ஏறி வரும். நாலஞ்சு புள்ளைங்களோட வந்தா, எது உங்களதுன்னு எனக்குத் தெரியாது. எப்படி இருப்பா, சொல்லுங்க."

"அதுக்கென்னங்க." துளசிமணி மளமளவென்று ஆரம்பித்தாள். "முன்பல்லு தூக்கலா இருக்கும். ஒரு பக்கத்துப் பின்னல் எப்பவும் அவுந்தே கிடக்கும். செருப்பை இழுத்து இழுத்து நடப்பா. நகத்தைக் கடிப்பா. ஒண்ணு கேட்டா நேரா பதில் வராது. கையெழுத்து, கோழி கிண்டினாப்பல..."

"அப்புறம்?"

"கணக்கு வராதுங்க."

"அப்புறம்?"

"கூன் போட்டு உட்காருவா."

"குறையெல்லாம் வந்துருச்சுக்கா," என்றார் சாமியாரம்மா. "புள்ளை எங்கே?"

துளசிமணி வாயைத் திறந்தாள்.

மோனிஷா சிரித்தால் எப்படி இருப்பாள் என்று யோசித்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு யோசித்தாள்.

பல்தான் தெரிந்தது.