மான்குட்டி கூப்பிட்ட காலை

“ஒரு குட்டியாவது வாயைத் திறந்துச்சா? என் காது கிழிஞ்சு தொங்குது, பாறை மேல காவல் நின்ன மான்குட்டி மேகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு!”

வடிவு என்ற மிளா மான் இதை ஒரு வார்த்தை மாறாமல் குளக்கரைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தாள். மிச்சமிருந்தது அந்த மான்குட்டி மட்டும்தான். இப்போது அதனிடமே சொன்னாள்.

“நான் கூப்பிட்டேன், அத்தை” என்றாள் மான்குட்டி புள்ளி.

“கூப்பிட்டியாக்கும்! அப்போ எனக்கு ஏன் கேக்கலை? இவ்வளவு பெரிய காது எனக்கு அழகுக்கா இருக்கு?”

காலையில்தான் அது நடந்தது. சிறுத்தை பாய்ந்தது, வடிவின் காதைக் கவ்வியது. வடிவு தலையை உதறிக்கொண்டு குளத்துக்குள் குதித்ததால் ஆபத்து காதோடு போயிற்று.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் குட்டிகளில் ஒன்று பாறை மேல் நின்று காவல் பார்க்கும். காவல் பார்க்கப் பழகாத குட்டி வளர்ந்து என்ன ஆகும்? சிறுத்தைக்குச் சாப்பாடு ஆகும். அந்தப் பாறைதான் குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம். அதில் முதல் மாணவி புள்ளி.

“போதும், நிறுத்துங்க” என்றார் காட்டுப்பன்றித் தலைவர். அவருக்குப் பசி. “குட்டிங்களைப் பாறையில நிறுத்தணுமான்னு நாளைக் காலையில கூடிப் பேசுவோம். இந்தக் குட்டிகளுக்குக் காவல் ஒரு கேடான்னு எனக்கே தோணுது.” சொல்லிவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டார்.

மத்தியானம் குட்டிகள் நாவல் மரத்தடியில் கூடின. வடிவு பக்கத்திலிருந்த உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒட்டுக்கேட்க இல்லை. நிழலுக்காக. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

“நம்மளைப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுப்போம்” என்றாள் கீரிக்குட்டி மின்னி. “பெரியவங்க கண்ணுக்கு நாம எப்படித் தெரியறோம்னு. நாளைக்குக் கூட்டத்துல போட்டுக் காட்டுவோம்.”

“கேமரா?” என்றான் முயல்குட்டி தொந்தி.

“எதுக்கு? ரோசி இருக்காளே.”

ரோசி ஒரு மலைமைனா. கேட்டதைக் கேட்டபடி, கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்லுவாள்.

“படம்னு சொல்லிட்டு வெறும் குரலா?”

“கண்ணை மூடிக்கிட்டுக் கேளுடா. படம் தெரியும்.”

ஆவணப்படமாம்! வடிவுக்குச் சிரிப்பு வந்தது. உடம்பில் ஒட்டின முள்ளை எடுக்கத் தெரியாததுகள், படம் எடுக்கப் போகின்றனவாம்.

ரோசி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பெரியவர்கள் பேசி அவள் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்ததைச் சொல்லிக் காட்டினாள். முதலில் பன்றித் தலைவர்: “இந்தக் காலத்துக் குட்டிங்களுக்கு மூக்கு தரையில நிக்குதா? எப்பப் பாரு வானத்துல.” அடுத்து ஆமை: “எல்லாத்துக்கும் அவசரம். நிதானமே கிடையாது.”

ஆமையின் குரலைக் கேட்டு தொந்தி உருண்டு உருண்டு சிரித்தான்.

“தலைவர் பேச்சு நடுவுல ஒரு ஏப்பம் சேர்க்கட்டுமா?” என்றாள் ரோசி. “நல்லா எடுபடும்.”

“அப்போ ஏப்பம் விட்டாரா?”

“அப்போ விடலை. வழக்கமா விடுவார்.”

“அப்படின்னா வேண்டாம். நடந்தது மட்டும் போதும்” என்றாள் மின்னி. “சரி, இன்னிக்குக் காலையில நடந்ததைச் சொல்லு. நீ மரத்துலதானே இருந்தே?”

ரோசி சொன்னாள். முதலில் புள்ளியின் குரல், கூர்மையாக, தெளிவாக. அதன் பின்னாலேயே இன்னொரு குரல்: “விடுங்க, குட்டிதானே. போன வாரம் மயில் தோகையைப் பார்த்துக் கத்தின கழுதை அது.” மறுபடி புள்ளி. பின்னாலேயே அதே இன்னொரு குரல்: “தண்ணியைக் குடிங்க. கத்திக் கத்தித் தானா ஓயும்.” மறுபடி புள்ளி, இப்போது தொண்டை கிழிய. அப்புறம் ஓர் உறுமல். அப்புறம் தண்ணீரில் ஏதோ பெரிதாக விழும் சத்தம்.

புதருக்குப் பின்னால் வடிவு மெல்லுவதை நிறுத்தினாள். அது அவள் குரல். பேச்சு முடிந்ததும் விடுகிற அந்தச் செருமல்கூட அவளுடையதுதான். காதில் விழாமல் இல்லை. விழுந்ததை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

“மயில் தோகை சமாச்சாரத்தை வெட்டிடு” என்றான் தொந்தி. “அது நம்ம தப்பு. அதை ஏன் நாமளே எடுத்துக் கொடுக்கணும்?”

“வெட்டினா அத்தை ஏன் நகரலைன்னு யாருக்கும் புரியாது. சும்மா திமிருல நின்னாங்கன்னு ஆயிடும். அது பொய்யில்லையா?” என்றாள் மின்னி.

“இருக்கட்டும், தொந்தி” என்றாள் புள்ளி. “தோகையைச் சிறுத்தை வாலுன்னு நினைச்சது நான்தானே. அன்னியிலிருந்து தினமும் மயிலுங்க பின்னாடி போய்ப் பார்த்துப் பார்த்து வித்தியாசம் பழகினேன். அதையும் சேர்த்தே போடு. ஆனா அத்தை குரல் மட்டும் வேண்டாம். பாவம், காது வலியோட இருக்காங்க. எல்லார் முன்னாடியும் எதுக்கு?”

“அந்தக் குரல் இல்லைன்னா உனக்குப் பாறை இல்லை, தெரியுமா?” என்றான் தொந்தி.



“அவங்க குரல் அவங்களுது” என்றாள் மின்னி. “போய் அவங்ககிட்டயே கேட்போம். வேண்டாம்னா எடுத்துடுவோம்.”

“யாரு, வடிவு அத்தைகிட்டயா? மிதிச்சே கொன்னுடுவாங்க” என்றான் தொந்தி.

வடிவுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. இப்போதைக்குப் புதருக்குள்ளேயே நின்று, அப்புறம் அவர்கள் வந்து கேட்கும்போது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மானம் தப்பும். இந்தக் குட்டிகள் வாக்குத் தவறாது. புள்ளியின் பாறை மட்டும் போகும்.

காலையிலிருந்து கரை முழுக்கப் பேசினாளே, ஒரு வார்த்தையாவது எடை போட்டுப் பேசினாளா? முளைத்து மூன்று இலை விடாத இதுகள், தங்களுக்கு எதிரான வார்த்தையைக்கூட வெட்டாமல் வைக்கின்றன.

தலையெல்லாம் உண்ணிப்பூவோடு வடிவு வெளியே வந்தாள். தொந்தி மின்னிக்குப் பின்னால் ஒளிந்தான்.

“மிதிக்கிற தெம்பு எனக்கு இன்னிக்கு இல்லை, பயப்படாதே” என்றாள். பிறகு ரோசியைப் பார்த்தாள். “அதுல ‘கழுதை’ன்னு வருதே, அதையும் வெட்டாதேடி. சொன்னவ நான்தான்.”

மறுநாள் காலை கூட்டத்தில் ரோசி எல்லாவற்றையும் சொன்னாள். ஆமையின் குரலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். மயில் தோகைக்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. “அது என் குரல்தான்” என்று வடிவு யாரும் கேட்காமலே சொன்னாள். பன்றித் தலைவர் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டே, “பாறை குட்டிகளுக்கே இருக்கட்டும்” என்றார்.

புள்ளி பாறை மேல் ஏறி நின்றாள். எல்லோரும் தண்ணீரில் வாய் வைத்தார்கள். வடிவு மட்டும் தலையைத் தூக்கினாள்.

“புள்ளி, ஒரே ஒரு தடவை கூப்பிடேன். முதல் குரலுக்கே ஓடறேனா இல்லையா பாரு.”

பாறையிலிருந்து சத்தமே இல்லை. தூரத்துப் புல்லில் ஒரு மயில் தோகை அசைந்தது. புள்ளி அதைப் பார்த்தாள், மயில்தான் என்று தெரிந்து கூப்பிடாமல் நின்றாள்.

சின்னவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு, அவர்கள் சொல்லவே இல்லை என்று குறை பேச உரிமை இல்லை.