மங்கும் விண்மீனும் தாழையின் கண்களும்

மரங்களுக்குக் காதும் மலைகளுக்கு வாயும் இருந்த முன்னொரு காலத்தில், வேங்கைபுரம் என்றொரு நாடு இருந்தது. ஒரு மாலை, தேள் விண்மீன் கூட்டத்தின் கொடுக்குக்கு அருகே, யாரும் பார்த்திராத புது விண்மீன் ஒன்று குபீரென்று ஒளிர்ந்தது.

மறுநாளே கரியமாலன் என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான். "அதை ஏற்றியவன் நான்தான். அது எரியும்வரை உன் நாட்டுக்குக் குறையில்லை. என்னை ராஜகுருவாக்கு!" என்றான் அரசரிடம்.

ராணி சிரித்துவிட்டாள். "அப்படியா? எங்கே, பக்கத்தில் இன்னொன்று ஏற்றும், பார்ப்போம்!"

கரியமாலன் இமைக்காமல் முறைத்தான். ராணி ஆந்தையாகி உத்தரத்தில் போய் உட்கார்ந்தாள். நடுங்கிப்போன அரசர் அவனை ராஜகுருவாக்கினார்.

இளவரசி தாழை தூண் மறைவில் நின்றிருந்தாள். பார்த்தாள், பேசவில்லை.

விண்மீன் மங்கத் தொடங்கியது. முதலில் தேளின் நெஞ்சிலிருக்கும் சிவப்பு மீனைவிடப் பிரகாசமாக இருந்தது. பிறகு அதற்கும் குறைந்தது. மாலைதோறும் மாடத்தில் நின்று தாழை ஒப்பிட்டாள். பார்த்தாள், பேசவில்லை.

"யாரோ ஒளியைத் திருடுகிறார்கள்!" என்றான் கரியமாலன்.

அவ்வளவுதான். கணவன் மனைவியைச் சந்தேகித்தான். மாமியார் மருமகளின் விளக்கை ஊதி அணைத்தாள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்களே! இளவரசிதான் தினமும் கொட்டக் கொட்டப் பார்க்கிறாள்" என்றாள் ஒருத்தி.

"அவள் கண்ணிரண்டையும் எனக்குக் கொடு. இல்லையென்றால் விண்மீனோடு உன் நாடும் அணையும்" என்றான் மந்திரவாதி.

அரசர் மகளைப் பார்த்தார். அவர் பார்வையிலும் சந்தேகம் இருந்தது. இம்முறை தாழை பேசினாள்.

"அப்பா, மூன்று மாலை என் கண்ணைக் கட்டி அறையில் வையுங்கள். புது மீனும் கொடுக்கு மீனும் இப்போது சமமாக இருக்கின்றன. நான் பார்க்காதபோதும் மங்கினால்?"

கட்டினார்கள். முதல் மாலை மங்கியது. இரண்டாம் மாலையும் மங்கியது. மூன்றாம் மாலை, கொடுக்கு மீனுக்குப் பக்கத்தில் அது வெறும் புள்ளி. ஊரே பார்த்தது.

"அப்படியானால் வேறு கண் இருக்கிறது!" என்று கத்தினான் கரியமாலன்.

கட்டவிழ்த்த துணி தாழையின் கையிலேயே இருந்தது. "ராஜகுருவும்தான் தினம் பார்க்கிறார். அவர் கண்ணையும் கட்டிப் பார்க்கலாமே?"

"என் கண்ணையா!" அவன் பின்வாங்கினான்.

"ஒளிக்க என்ன இருக்கிறது, குருவே?" என்றார் அரசர்.

கரியமாலன் அவரை முறைக்கத் திரும்பினான். அவன் ஒருபோதும் இமைப்பதில்லை என்பதைத் தாழை முன்பே கவனித்திருந்தாள். பின்னாலிருந்து துணியை இழுத்துக் கட்டினாள். துணிக்குள் அவன் இமைகள் ஒரே ஒரு முறை மூடின. இமைக்காமல் சேர்த்த மந்திரமெல்லாம் கரைந்துபோயிற்று. உத்தரத்திலிருந்து ராணி பொத்தென்று அரசர் மடியில் விழுந்தாள்.

"இப்போதாவது கேட்டீர்களே ஒரு கேள்வி!" என்றாள்.

கரியமாலனை எல்லை தாண்டி விரட்டினார்கள். மகளைச் சந்தேகித்ததற்காக அரசர் தலைகுனிந்தார். நாட்டின் மிக உயர்ந்த மாடத்தை அவளுக்கே கொடுத்தார்.

ஒரு மாலை அவரும் அங்கே ஏறி வந்தார். "அணைந்துவிட்டதா?"

"இல்லை அப்பா, இருக்கிறது."

"எனக்குத் தெரியவில்லையே. நிஜமாகவா?"

"நேராகப் பார்க்காதீர்கள். சற்றுத் தள்ளிப் பாருங்கள்."

அரசர் நம்பாமல்தான் பார்வையை நகர்த்தினார். ஓரக்கண்ணில், தூசி போல, விண்மீன் இருந்தது.